கிளையா, வாசிப்பு வட்டமா, கூட்டமைப்பா? நின்றுபோன வளாக அமைப்பை மீண்டும் கட்ட நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இயங்கிய அரசியல் மாணவர் அமைப்புகளில் பல, நிர்வாகம் தடை விதித்ததால் முடிந்தவை அல்ல; பருவத் தேர்வு முடிந்து மூத்தவர்கள் வெளியேறியதும், யாரும் கலைக்காமலேயே நின்றுபோனவை. ஜூன் மாதம் வளாகம் திறக்கும்போது எஞ்சியிருப்பவர்கள் இரண்டாம் ஆண்டுக்கு வந்திருக்கும் நான்கைந்து பேர்தான். அவர்கள் கையில் பேச்சு ஓய்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவும், சென்ற ஆண்டுக் கூட்டத்துக்கு அடித்த ஒரு பிளெக்ஸும், கொடுத்து முடிக்காத துண்டறிக்கைக் கட்டும் இருக்கும். அமைப்பை மீண்டும் கட்டுவது என்று அவர்கள் முடிவெடுத்துவிட்டால், அடுத்து வரும் கேள்வி எந்த வடிவில் கட்டுவது என்பது. நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு: வெளியே இயங்கும் மாநில அல்லது அகில இந்திய மாணவர் சங்கம் ஒன்றின் கிளையாக மாறலாம், நிறுவனத்தின் விதிகளுக்கு உட்பட்டு அங்கீகாரம் பெற்ற வாசிப்பு வட்டமாக இயங்கலாம், எதனுடனும் சேராமல், பிரச்சினை எழும்போது கூடும் கூட்டமைப்பாக இருக்கலாம்.

இந்த விவாதம் வழக்கமாகக் கொள்கையைப் பற்றியதாகவோ, அனுமதி கிடைக்குமா என்பதைப் பற்றியதாகவோ முடிந்துவிடுகிறது. இரண்டும் முக்கியமானவை என்றாலும், வடிவத்தைத் தேர்ந்தெடுக்க அவை போதாது என்பது என் கருத்து. முதலில் கேட்க வேண்டியது, இன்றிலிருந்து இரண்டாவது ஜூன் மாதத்தில் இதை யார் நடத்துவார்கள் என்பதுதான். இளங்கலைப் படிப்பு மூன்று ஆண்டு, ஆறு பருவம். முதலாண்டு மாணவர் வளாகத்தைப் புரிந்துகொள்வதற்கே இரண்டு பருவம் ஆகிறது. மூன்றாம் ஆண்டில் புராஜெக்ட், வளாக வேலைவாய்ப்பு, முதுகலை நுழைவுத் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி என்று கவனம் சிதறிவிடுகிறது. ஆகவே ஒருவர் அமைப்புக்கு முழு மனத்துடன் உழைக்கக்கூடிய காலம் சுமார் இரண்டு பருவங்கள். ஒரு பருவத்திலும் இன்டர்னல் தேர்வுகள், செய்முறைத் தேர்வுகள், பண்டிகை விடுமுறைகள் போகப் பத்து வாரம் கிடைத்தால் அதிகம். முதுகலை இரண்டே ஆண்டு என்பதால் நிலைமை இன்னும் மோசம். முனைவர் பட்ட ஆய்வாளர்கள் மட்டுமே ஐந்து ஆறு ஆண்டுகள் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் மிகுந்த மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் அமைப்புகள் நீடிப்பதற்கும், அரசு கலைக் கல்லூரிகளில் அவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முதலிலிருந்து தொடங்குவதற்கும் இது ஒரு பெரிய காரணம்.

கிளையாக மாறும் வழியின் வலிமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1936-இல் லக்னோவில் தொடங்கிய, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி சார்பான அனைத்திந்திய மாணவர் பெருமன்றம், 1949-இல் பதிவுசெய்யப்பட்ட, ஆர்.எஸ்.எஸ். சார்பான ஏ.பி.வி.பி., 1970-இல் திருவனந்தபுரத்தில் உருவான, மார்க்சிஸ்ட் கட்சி சார்பான இந்திய மாணவர் சங்கம், 1971-இல் அமைந்த காங்கிரஸ் சார்பான என்.எஸ்.யு.ஐ. ஆகியவை கொள்கையால் ஒன்றுக்கொன்று எதிரெதிர்த் திசைகளில் நின்றாலும், நிலைத்து நிற்கும் முறையில் ஒத்திருக்கின்றன. அமைப்பின் நினைவு வளாகத்துக்கு வெளியே, மாவட்டக் குழுவிலும் மாநில அலுவலகத்திலும் பாதுகாக்கப்படுகிறது. ஆண்டுதோறும் உறுப்பினர் சேர்க்கை நடந்தாக வேண்டும், மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பியாக வேண்டும், அறிக்கை வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் மேலிருந்து வருகிறது. சலிப்பூட்டும் சடங்காகத் தெரிந்தாலும், உள்ளூரில் ஒருவர் சோர்ந்துபோகும் ஆண்டில் அமைப்பைத் தாங்கிப் பிடிப்பது இந்தச் சடங்குதான். ஒரு கல்லூரியில் எல்லாரும் படிப்பு முடித்துப் போய்விட்டால்கூட, மாவட்டச் செயலாளர் நுழைவாயிலில் நின்று புதிதாக நான்கு பேரைச் சேர்க்க முடியும். இடைநீக்கம், காவல் நிலைய விசாரணை என்று நெருக்கடி வரும்போது, அன்று மாலையே வந்து நிற்கக்கூடிய வழக்கறிஞர் தொடர்பு இருப்பதன் மதிப்பை, அது இல்லாத அமைப்பினர் நன்றாக அறிவார்கள்.

இதற்கான விலையும் சிறிதல்ல. மாநிலக் குழு அறிவிக்கும் இயக்க நாட்காட்டி ஒன்று இருக்கும். வளாகத்தின் நாட்காட்டி வேறு. விடுதியில் குடிநீர் வராத வாரத்தில், தொலைதூர நிகழ்வு ஒன்றைக் கண்டித்து நுழைவாயில் கூட்டம் நடத்தச் சொல்லி உத்தரவு வந்தால், கிளைப் பொறுப்பாளர் இரண்டையும் செய்ய முயன்று, இரண்டிலும் பாதியளவே செய்கிறார். தாய்க்கட்சி ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருக்கும் காலத்தில் சங்கடம் கூடுகிறது: அரசுக் கல்லூரியில் ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாததைப் பற்றி எவ்வளவு உரக்கப் பேசலாம் என்பதை வளாகத்துக்கு வெளியே உள்ளவர்களும் சேர்ந்து தீர்மானிக்கத் தொடங்குகிறார்கள். தாங்கள் எந்தக் கட்சியின் அங்கமும் அல்ல, சுயேச்சையான அமைப்பு என்று சில சங்கங்கள் சொல்லிக்கொள்வது உண்டு. வகுப்பில் இருக்கும் மற்ற அறுபது பேரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவியின் வீட்டில், கொடியின் நிறத்தைப் பார்த்ததும் எழும் அச்சத்தை எந்த அமைப்புச் சட்டத்தாலும் போக்க முடியாது. அந்த அச்சம் கற்பனையானதும் அல்ல. மாற்றுச் சான்றிதழும் நடத்தைச் சான்றிதழும் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன.

வாசிப்பு வட்டம் என்ற இரண்டாவது வழிக்கு, தமிழ்நாட்டிலேயே நாடறிந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2014 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்த நாளில், அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டம் தொடங்கப்பட்டது. அதே வளாகத்தில் விவேகானந்தர் பெயரிலான வட்டம் ஒன்று அதற்கு முன்பே இயங்கிவந்தது. சுயேச்சை மாணவர் குழு என்ற வகையில் அங்கீகாரம் பெற்று, அரங்குகளையும் அறிவிப்பு வசதிகளையும் பயன்படுத்திக்கொள்ளும் நடைமுறை அங்கே இருந்தது. புதிய வட்டம் கருத்தரங்குகள் நடத்தியது, துண்டறிக்கைகள் வெளியிட்டது, சாதி, மொழி, பொருளாதாரக் கொள்கை ஆகியவற்றை வெளிப்படையாக விவாதித்தது. பெயரில்லாப் புகார் ஒன்றை மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் நிறுவனத்துக்கு அனுப்பியதைத் தொடர்ந்து, 2015 மே 22 அன்று வட்டத்தின் அங்கீகாரம் திரும்பப் பெறப்பட்டது. விளக்கம் சொல்ல வாய்ப்பே தரப்படவில்லை என்று வட்டத்தினர் எதிர்த்தார்கள். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. ஜூன் 7 அன்று அங்கீகாரம் மீண்டும் வழங்கப்பட்டது. அதன் பிறகு பிற உயர்கல்வி நிறுவனங்களிலும் இதே போன்ற வட்டங்கள் தோன்றின, மும்பை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர், பெரியார், பூலே என மூவர் பெயரிலும் ஒரு வட்டம் இயங்குகிறது.

இந்த நிகழ்விலிருந்து இரண்டு விதமான பாடத்தை எடுக்கலாம். பலரும் ஒன்றை மட்டுமே எடுக்கிறார்கள். அங்கீகாரம் என்பது ஒரு கடிதத்தால் பறிக்கக்கூடியது, அதுவும் மாணவர்கள் ஊருக்குப் போயிருக்கும் கோடை விடுமுறையில் பறிக்கக்கூடியது என்பது முதல் பாடம். இரண்டாவது, பறித்ததைத் திருப்பிக் கேட்பதற்கு அங்கீகாரம் ஓர் இடம் தருகிறது என்பது. பட்டியலில் இருந்த ஒரு குழுவை நீக்கினால், எந்த விதியின்படி நீக்கினீர்கள் என்று கேட்கலாம், மற்றக் குழுக்களுக்கு இல்லாத நிபந்தனை எங்களுக்கு மட்டும் ஏன் என்று ஒப்பிட்டுக் காட்டலாம். பட்டியலிலேயே இல்லாத குழுவுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. ஆகவே நிர்வாகத்திடம் விண்ணப்பிப்பதைக் கொள்கைச் சமரசமாகப் பார்ப்பவர்களுடன் நான் உடன்படவில்லை. விண்ணப்பம், ஒப்புதல், ஒவ்வொரு கூட்டத்துக்குமான அனுமதிக் கடிதம் ஆகிய எல்லாமே எழுத்தில் இருந்து, அவற்றின் நகல் அடுத்த ஆண்டுப் பொறுப்பாளரிடம் போய்ச் சேருமானால், அந்தக் கோப்பே வாசிப்பு வட்டத்தின் மாவட்டக் குழு.

வட்டத்தின் அன்றாட வேலையும் தலைமுறை மாற்றத்துக்கு ஏற்றதாக இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம், இருபது பக்கத்துக்கு மிகாத ஒரு கட்டுரை, அதை அறிமுகம் செய்யும் பொறுப்பு முறை வைத்து ஒவ்வொருவருக்கும் என்று வைத்துக்கொண்டால், முதலாண்டு மாணவர் மூன்றாவது மாதமே பத்துப் பேர் முன்னால் பேசிப் பழகிவிடுகிறார். நுழைவாயில் கூட்டத்தில் அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்காது. அங்கே மாவட்டத்திலிருந்து வந்தவர் பேசுவார், இவர் கைதட்டுவார். ஆயினும் வட்டத்துக்கு ஒரு நோய் உண்டு. ஆங்கிலத்தில் சரளமாகப் படிக்கும் மூன்று பேர் விவாதத்தைக் கைப்பற்றிக்கொண்டு, மற்றவர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டாலும், கூட்டம் என்னவோ சிறப்பாக நடப்பதாகவே அந்த மூவருக்கும் தோன்றும். தமிழ் வழியில் படித்து வந்த பி.ஏ. மாணவர் நடத்தக்கூடிய வட்டமாக இருந்தால்தான் அது அரசியல் அமைப்பு. இல்லையென்றால் அது நண்பர் குழு.

இதற்கு ஒரு மாற்று மருந்து, வாசிப்புடன் ஓர் அன்றாட உதவிப் பணியையும் இணைத்துக்கொள்வது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் ஆகியவை தகுதியுள்ள ஒருவருக்கு வந்து சேராமல் நின்றிருக்கும்போது, காரணம் பெரும்பாலும் ஆதாருடன் இணைக்கப்படாத வங்கிக் கணக்காகவோ, காலாவதியான வருமானச் சான்றிதழாகவோ இருக்கும். சேர்க்கைக் காலத்தில் ஒரு மேசை போட்டு இதைச் சரிசெய்து கொடுக்கும் குழுவை எந்தக் கல்லூரி முதல்வரும் அரசியல் செய்கிறீர்கள் என்று விரட்டுவது கடினம். ஆனால் உதவித்தொகை ஏன் தாமதமாகிறது என்ற கேள்வியிலிருந்து கல்விக்கான நிதி ஒதுக்கீடு பற்றிய கேள்விக்குப் போக அதிகத் தூரம் இல்லை.

மூன்றாவது வழியான கூட்டமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டு மாணவர் வரலாற்றில் மிகப் பெரிய எழுச்சிகள் இந்த வடிவத்தில்தான் நடந்தன. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கல்லூரி கல்லூரியாக மாணவர்கள் ஒருங்கிணைந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் ஜனவரி 27 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 2013 மார்ச் மாதம் ஈழப் பிரச்சினைக்காகச் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் சில நாட்களில் மாநிலமெங்கும் பரவியது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்களுக்குத் தலைமை என்று ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது. வேகமும் பரப்பும் வேண்டுமென்றால் இதற்கு ஈடு இல்லை. கட்சிக் கொடி இல்லை என்பதாலேயே வருபவர்கள் உண்டு. ஆனால் எழுச்சி அடங்கிய பிறகு, உறுப்பினர் பதிவேடோ, பொதுவான நிதியோ, அடுத்த கூட்டத்துக்கான தேதியோ மிஞ்சுவதில்லை. கூட்டமைப்பில் சேர்வதற்கு முன்பே ஓர் அமைப்பு இருந்தால்தான் எழுச்சியில் வந்தவர்களில் பத்துப் பேரையாவது தக்கவைக்க முடியும். நின்றுபோன அமைப்பை மீட்டெடுக்கும் வடிவமாக இதைத் தேர்ந்தெடுப்பது பொருத்தமில்லை. ஏற்கெனவே உயிருடன் இருக்கும் அமைப்பு மற்றவர்களுடன் சேர்ந்து செய்யும் காரியம் இது.

இந்த ஒப்பீட்டில் மாணவர் பேரவைத் தேர்தலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. இளங்கலை மாணவர்க்கு 17 முதல் 22 வரையும், ஆய்வாளர்க்கு 28 வரையும் வயது வரம்பு, 75 சதவீத வருகைப்பதிவு, வேட்பாளருக்கு 5,000 ரூபாய் செலவு உச்சவரம்பு, அச்சிட்ட சுவரொட்டிக்குத் தடை, அரசியல் கட்சிகளின் பணத்துக்குத் தடை, பொறுப்பாளர் பதவிக்கு வாழ்நாளில் ஒரே முறை போட்டி என்று அதன் நிபந்தனைகள் நீளுகின்றன. கையால் எழுதிய சுவரொட்டியும் 5,000 ரூபாயும் மட்டுமே என்ற கட்டுப்பாடு, வெளிப்பணம் பெறும் கிளையைவிட உள்ளூர் வட்டத்துக்கே சாதகமானது. ஆனால் ஒரே முறைதான் போட்டியிடலாம் என்பதால், ஆண்டுதோறும் புதிய வேட்பாளரைத் தயார்செய்யும் வலு கிளைக்கே அதிகம். டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இந்த விதிமுறைகளைப் பின்பற்றவில்லை என்ற காரணத்தால் 2008-இல் நிறுத்தப்பட்ட பேரவைத் தேர்தல் 2012-இல்தான் மீண்டும் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தேர்தல் இல்லாமலும் அங்கே அமைப்புகள் மங்கிவிடவில்லை. இரவு உணவுக்குப் பின் விடுதி உணவுக்கூடங்களில் நடக்கும் கூட்டமும், நாள்தோறும் கைக்குக் கை போகும் துண்டறிக்கையும் தேர்தலைச் சார்ந்தவை அல்ல என்பதே காரணம்.

தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் பேரவை என்பது நியமனத்தால் அமைவது. லிங்டோ குழு, சூழல் சரியில்லாத இடங்களில் நியமன முறையை இடைக்கால ஏற்பாடாக அனுமதித்து, ஐந்து ஆண்டுகளில் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றே சொன்னது. அந்த ஐந்து ஆண்டு முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது என்பதை எந்த நிர்வாகக் கடிதத்திலும் நினைவூட்டலாம். அதுவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015 விதிமுறைகளின்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில், மாணவர் தொடர்பான புகார் எனில் ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் இருந்தாக வேண்டும். இந்தச் சிறிய தேர்தலைக் கேட்டு வாங்குவது, புதிதாக எழும் அமைப்புக்கு ஏற்ற முதல் கோரிக்கை; மாணவிகளை அமைப்பின் மையத்துக்குக் கொண்டுவருவதற்கும் இது வழி.

இனி, எந்த வளாகத்துக்கு எது என்பதற்கு வருகிறேன். விடுதியும் ஆய்வாளர்களும் உள்ள பல்கலைக்கழகம் என்றால் அங்கீகாரம் பெற்ற வட்டமே என் தேர்வு. மாலை நேரம் கிடைக்கிறது, ஐந்து ஆண்டு தங்கியிருக்கும் ஒருவர் கிடைக்கிறார், வெளியிலிருந்து வரும் தாங்குதல் இல்லாமலேயே தொடர்ச்சி சாத்தியமாகிறது. நாள்தோறும் வந்துபோகும் மாணவர்களைக் கொண்ட அரசு கலைக் கல்லூரியில் நான் கிளையைத்தான் பரிந்துரைப்பேன். காலை ஷிப்ட் முடிந்ததும் பலர் பகுதி நேர வேலைக்குப் போய்விடுகிறார்கள். வாராந்திர வாசிப்புக்கு அங்கே மாலையே இல்லை. சென்னைக் கல்லூரிகளில் பேருந்துத் தடத்துக்கு ஒரு மாணவர் தலைவராக இருக்கும் 'ரூட்டு தல' வழக்கத்தைக் காவல்துறைச் செய்தியாகவே படித்துப் பழகிவிட்டோம். அந்த மாணவர்களின் உண்மையான கூடுமிடம் பேருந்துத் தடம் என்பதை அமைப்பாளர்கள் அதிலிருந்து அறிந்துகொண்டிருக்கலாம். தடத்துக்கு ஒருவர் என்று பொறுப்பு பிரித்து, கல்லூரிகளுக்கு இடையே தொடர்பு வைத்து வேலை செய்ய, வெளியே அலுவலகம் உள்ள சங்கம் தேவை. வகுப்புப் புறக்கணிப்பிலோ அமைப்பிலோ சேர மாட்டேன் என்று சேர்க்கையின்போதே பெற்றோருடன் கையெழுத்து வாங்கும் சுயநிதிக் கல்லூரிகளில் இரண்டுமே வளாகத்துக்குள் நடக்காது. கல்லூரி நிர்வாகம் வளாகத்துக்குள் அரசியல் செயல்பாட்டைத் தடுக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2003-இல் சொன்னது. தமிழ்நாட்டில் நிர்வாகங்கள் தீர்ப்புக்காகக் காத்திருந்ததில்லை. இத்தகைய சுயநிதிக் கல்லூரிகளுக்கு, நான்கைந்து கல்லூரிகளின் மாணவர்கள் சேர்ந்து, கல்லூரிப் பெயரைப் பயன்படுத்தாமல், ஊர் நூலகத்திலோ வாடகைக் கூடத்திலோ ஞாயிற்றுக்கிழமை கூடும் நகர வட்டம்தான் நடைமுறைக்கு உகந்தது.

வட்டம் ஒன்று, உறுப்பினர்களில் சிலர் தனிப்பட்ட முறையில் வெளிச் சங்கத்திலும் இருப்பது என்ற கலப்பு ஏற்பாடு பல இடங்களில் தானாகவே அமைந்துவிடுகிறது. இதில் தவறில்லை, ஆனால் வெளிச் சங்கத்தில் பொறுப்பு வகிப்பவர் வட்டத்தின் ஒருங்கிணைப்பாளராகவோ பொருளாளராகவோ இருக்கக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே எழுதிவைத்துவிட வேண்டும். எழுதாமல் விட்டால், ஒரு முக்கியமான தீர்மானத்தின் போது, விவாதம் வேறெங்கோ ஏற்கெனவே முடிந்துவிட்டது என்ற உணர்வு மற்றவர்களுக்கு வரும். அவர்கள் சண்டை போட மாட்டார்கள், அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

எந்த வடிவமானாலும் கைமாற்ற வேண்டிய பொருள்கள் ஒன்றுதான்: உறுப்பினர் பட்டியல், அனுமதிக் கடிதக் கோப்பு, இன்ஸ்டாகிராம் பக்கத்தின் கடவுச்சொல், வாட்ஸ்அப் குழுவின் அட்மின் உரிமை, யாரோ ஒருவரின் ஜிபே கணக்கில் கிடக்கும் நன்கொடைப் பணம். இவை ஏப்ரலில் கைமாறுவதில்லை. தேர்வும் பிரிவு உபசார விழாவும் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகின்றன. ஆகவே பொறுப்பு மாற்றத்தை ஜனவரியில், இரட்டைப்படைப் பருவம் தொடங்கும் முதல் இரண்டு வாரத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஒருங்கிணைப்பாளராகவும், முதலாண்டு மாணவர் ஒருவர் பொருளாளராகவும் அமர்ந்து, பதவி முடித்த மூன்றாம் ஆண்டினர் மீதமுள்ள நான்கு மாதமும் அழைத்தால் வரக்கூடிய தொலைவில் இருந்தால், ஜூன் மாதச் சேர்க்கை மேசையை யார் போடுவது என்ற கேள்வி கோடை விடுமுறைக்கு முன்பே முடிவாகியிருக்கும்.